ஓம், வந்திட்டுது

நேற்றுக் காலை புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது. முன்னறை அலுமாரிக்கு மேலே இருக்கிற அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியிலிருந்து வந்தது. "ஓம், வந்திட்டுது." அவ்வளவுதான். கையெல்லாம் மாவோடு அப்படியே நின்றேன். இன்னொரு தடவை சொல்லுவாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. ஒரு பதிவு வந்து முடிந்தால் ஒரு தடவைதான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெட்டியைப் பழக்கியதே நீதானே.

நீ போய் ஒரு வருசம் ஆகவில்லை, உன் ஆட்டத்திவசம்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் நீ குரலைப் பதிந்து வைத்ததை நான் அடியோடு மறந்திருக்கிறேன். முதலில் பயந்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. பிறகு அடுப்புத் தண்ணீர் கொதித்து வற்றும்வரை இருந்து அழுதேன்.

உன் தம்பியின் குரலுக்காகத்தான் அந்தப் பெட்டிக் கணினியை வாங்கினாய். பள்ளிக்கூடக் காலத்தில் உடுப்பிட்டியில் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனைப் பார்த்திருக்கிறேன். எங்களைக் கண்டால் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போவான். சண்டைக் காலத்தில் ஒரு நாள் அதே சைக்கிளில் வெளிக்கிட்டவன் திரும்பி வரவேயில்லை. உன்னிடம் அவனுடைய படம் இருந்தது. "முகம் இருக்கடி. குரல்தான் என்ரை காதிலையிருந்து போயிட்டுது" என்று ஒரு நாள் கொழும்புத்துறைக் கடற்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது சொன்னாய். சொல்லிவிட்டு மீன் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாய். அதுதான் உன் குணம்.

அவன் குரல் ஓரிடத்தில் இருந்தது. உங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டு விழா நாடகத்தில் அவன் காவலாளி வேடம் போட்டான். அவனுக்கு ஒரே ஒரு வசனம். அரசன் கட்டளையிட்டதும் "ஆம் அரசே" என்று சொல்ல வேண்டும். ஒரு கிழமையாக வீட்டிலும் கிணற்றடியிலும் அதையே சொல்லிச் சொல்லி உன் உயிரை வாங்கினான். மேடையில் ஏறியதும் வாயில் வந்தது வீட்டுப் பேச்சு: "ஓம் அரசே". சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வேட்டி அவிழ அரசனும் சிரித்தானாம். இந்தக் கதையை நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! ஒவ்வொரு தடவையும் முடிவில் ஒரே வரிதான்: "அதை ஆரோ கசெற்றிலை பிடிச்சவையடி." பிடித்தவர் பிறகு அந்தக் கசெற்றோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார்.

வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர் சிலர் வீடுகளில் கிடந்த பழைய கசெற்றுகளைக் கணினிக் கோப்புகளாக்கி, ரொறன்ற் முறையில் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட அன்றே என்னைக் கூப்பிட்டாய்.

"ரொறன்ரோவிலையிருந்தோ வருது?" என்று கேட்டேன்.

"ரொறன்ரோ இல்லையடி விசரி, ரொறன்ற்!"

எனக்கு விளங்க வைக்க நீ கலியாண வீட்டை இழுத்தாய். கலியாண வீட்டுக்குக் கதிரை ஒரு வீட்டில், சமைக்கிற கிடாரம் இன்னொரு வீட்டில் என்று ஊரெல்லாம் வாங்கிச் சேர்ப்போமே, அதைப் போல ஒரே பதிவைத் துண்டு துண்டாகப் பல வீட்டுக் கணினிகளிலிருந்து வாங்கிச் சேர்ப்பதுதான் ரொறன்ற். சேர்ந்த பிறகு நம் கணினியும் மற்றவர்களுக்குக் கொடுக்கும். "வாங்கினால் குடுக்க வேணும், அதுதான் சட்டம்" என்றாய். பேசாமல் ஒரே இடத்தில் வைத்து எல்லாரும் எடுத்தால் என்ன என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "ஒரு இடத்திலை வைச்சு நாங்கள் கண்டது காணும்" என்றாய், எங்கள் நூலகம் எரிந்ததை நினைத்து. பல வீட்டில் இருந்தால் ஒரு வீடு எரிந்தாலும் மற்ற வீட்டில் இருக்கும்.

உன் வீட்டு யன்னலோர மேசையில் பின்னேரங்களில் இருவரும் இருந்து பெட்டியில் அதற்கான மென்பொருளை ஏற்றிப் பூட்டினோம். அந்தக் குழுவினர் புதிதாக ஏதாவது போட்டால் அறிவிப்புப் பட்டியல் ஒன்றில் பெயர் ஏறும். மென்பொருள் அடிக்கடி அந்தப் பட்டியலைப் போய்ப் பார்க்க வேண்டும். பெயரில் நாங்கள் கொடுத்த சொல் இருந்தால் யாரையும் கேளாமல் அந்தப் பதிவைத் தானாகவே இறக்கிக்கொள்ள வேண்டும். கரண்ட் போய் வந்தால் அதுவே எழும்பித் திரும்ப வேலையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்து முடித்தாய். கடலிலிருந்து வந்த காற்றுக்குப் பறக்காமல் கடதாசிகளைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் என் பங்கு.

கடைசியில் ஒரு கட்டம் வந்தது. "கட்டாயம் இருக்க வேண்டியது" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. தேடும் சொல்லை அங்கே கொடுத்திருக்க வேண்டும். நீ அதைக் கேள்வியாக எடுத்தாய். கட்டாயம் இருக்க வேண்டுமோ என்று கேட்கிறதாக்கும் என்று, போனில் மகளுக்குச் செய்தி அனுப்பும் பழக்கத்தில், ஓ, எம் என்று இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டாய். ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்".

அந்த இரண்டு எழுத்தும் எந்தப் பெயரில் இல்லை? கொழும்பு என்று ஆங்கிலத்தில் எழுதினாலே அதற்குள் இருக்கிறது. கொழும்பில் யாரோ கடை திறந்த விழா வந்தது. "வெல்கம்" என்று தொடங்கிய வரவேற்புரைகள் வந்தன. "நியூ ஹோம்" என்று யாரோ வீடு குடிபுகுந்த சத்தம் வந்தது. ஓமென்ற மந்திரம் மட்டும் எத்தனையோ வந்தது. மாதத்துக்கான டேட்டா முடிந்து, பெட்டியும் நிரம்பி மூச்சுத் திணறியது. "அக்காவும் தம்பியும் ஒரே ஆள்தான். இடம் தெரியாமல் ஓம் போடுறது உங்கடை பரம்பரைக் குணம்" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

பிறகு அதை இறுக்கினாய். ஊரின் பெயரை மட்டும் கொடுத்தாய். "டி" வரும் இடத்தில் இரண்டு D எழுத்துப் போட்டு, பஸ் பலகையிலும் பள்ளிக்கூடப் பலகையிலும் இருக்கிறபடியே ஆங்கிலத்தில் எழுதினாய். வேறு விதமாகவும் எழுதுவார்களே என்றதற்கு, "எங்கடை ஊரை எங்களுக்கு எழுதத் தெரியாதோ?" என்று கேட்டாய். பதிவு வந்து சேர்ந்தால் அறிவிக்க மணிச்சத்தமும் உனக்குப் பிடிக்கவில்லை. "டிங் எண்டு அடிச்சால் ஆருக்கு விளங்கும்? மனிசர் மாதிரிச் சொல்லட்டும்" என்று உன் குரலையே பதிந்து வைத்தாய்.

இடையிடையே ஏதாவது வரும். கோயில் திருவிழா ஒன்று, யாருடையதோ பிரியாவிடை. உன் குரல் கேட்டதும் ஓடிப்போய் முழுவதையும் இருந்து கேட்பாய். அவன் இருக்க மாட்டான். நோய் பிடித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் மகளிடம் "வந்திட்டுதோ?" என்று கேட்பாய். தாதியர் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கிறாய் என்று நினைத்தார்கள். கடைசியாகக் கண்ட அன்று என் கையைப் பிடித்து, "அது வந்தால் எனக்குச் சொல்லடி" என்றாய். எங்கே வந்து சொல்வது என்று நான் கேட்கவில்லை. ஓம் என்றேன்.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்ததும் உன் மகள் பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள். "அன்ரி, இதை நிப்பாட்ட வேண்டாமெண்டு அம்மா சொன்னவா" என்றாள். அன்றிலிருந்து அது வாய் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் போன மாதம் அந்தப் பட்டியலை நானே கண்ணால் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தது. உன் ஊர், வாசிகசாலை, நாடகம். ஊரின் பெயரில் மட்டும் D இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு T எழுத்து. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்று தகப்பன் சொன்னதைக் காதால் கேட்டபடி எழுதியிருக்கும். நீ கட்டிலில் கிடந்து "வந்திட்டுதோ" என்று கேட்ட நாட்களிலேயே அதைப் போட்டிருக்கிறார்கள். பெட்டி பார்த்திருக்கிறது, சொல் ஒத்துவராததால் தாண்டிப் போயிருக்கிறது.

யாரோடு கோபப்படுவது? பெட்டி நீ கொடுத்த சொல்லுக்கு உண்மையாகத்தான் காத்திருந்தது. அந்தப் பிள்ளை தெரிந்தபடி எழுதியது. நீ உன் ஊரைச் சரியாக எழுதினாய். ஒருவரிலும் பிழை இல்லாமலே நீ கேட்காமல் போய்விட்டாய். இது என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. கிடக்கட்டும்.

கையாலேயே அழுத்தி இறக்கத் தொடங்கினேன். முக்கால்வாசிக்கு மேல் வந்து நின்றுவிட்டது. கடைசித் துண்டுகளை வைத்திருந்தவர் எங்கோ தன் கணினியை மூடிவிட்டார். நாளும் பார்த்துப் பார்த்து, பிறகு பார்ப்பதையும் விட்டேன். நேற்றுக் காலை எந்த நாட்டிலோ எந்த வீட்டிலோ யாரோ கணினியைத் திறந்திருக்கிறார்கள்.

உன் மகளை வரச்சொல்லி, அவள் வந்த பிறகுதான் போட்டேன். ஒலிபெருக்கி இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை, அரசனுடைய முடியாத வசனம். பிறகு, உடைந்துகொண்டிருக்கும் ஒரு பொடியனின் குரல்: "ஓம் அரசே!" சனம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குள் நீயும் இருக்கிறாய். திரும்பத் திரும்பக் கேட்டும் உன்னைப் பிரித்தெடுக்க முடியவில்லை. உன் மகள் அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டாள். "மாமா இவ்வளவு சின்னப் பிள்ளையோ, அன்ரி?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை என் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "வேண்டியது வந்திட்டுதுதானே. உந்தப் பெட்டியை இன்னும் ஓடவிடப் போறீரோ?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். யாரோ ஒருவர் உன் தம்பியை நம் வீட்டிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தார். வாங்கினால் கொடுக்க வேண்டுமே. இவர் காற்றுக்கு ஆடிய வயரை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். நான் கட்டத்தில் ஊரின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதி வைத்தேன். உன் குரலில் கை வைக்கவில்லை.

சொல்லச் சொன்னாய். இதை விட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஓம், வந்திட்டுதடி.