முன்னறை இணைப்பு

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். மின்னஞ்சலை விட்டுவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் அலுவலகத்திலிருந்து எது வெளியே போனாலும் இப்போது உங்கள் மாப்பிள்ளையின் கைப்பேசிக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். அப்படியெல்லாம் தெரியாது என்கிறார். நான் கேட்பதற்கு முன்பே அவர் அதைச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

நடந்ததை அவர் உங்களுக்கு எப்படிச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. வீட்டு வரைபடம் கேட்டு வந்த ஒருவர், முன்னறையில் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியை நோண்டி, பக்கத்து மனைக்காரருக்கு நாம் போட்டு வைத்திருந்த வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டார். பார்த்ததோடு விட்டாரா? நேரே அந்த மனிதரிடம் போய், "உங்க குளியலறை ஜன்னல் எங்க சமையலறையப் பாத்துத் திறக்குதாமே" என்று கேட்டிருக்கிறார். அவர் இங்கே வந்து கத்திவிட்டு, வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அலுவலக வைஃபையின் பாஸ்வேர்டை முன்னறையில் கொடுத்தது நான்தான் என்று பேச்சு. கேட்டவரிடம் இல்லையென்று சொல்லும் பழக்கம் நம் அப்பாவுக்கும் கிடையாது.

சரி, புது ரவுட்டர் வாங்குவோம் என்று நானும்தான் சொன்னேன். வருகிறவர்களுக்கு ஓர் இணைப்பு, நமக்கு ஒன்று. முன்னறையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் நம் கணினிகளும் பிரிண்டரும் படவே கூடாது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார்; இரண்டுமே இந்த வேலையைச் செய்யும். ஒன்றில் எதை மாற்றுவதானாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து, கம்பியைச் செருகித்தான் மாற்ற முடியும். நான் கைகாட்டியது அதை. மற்றதை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கைப்பேசியிலேயே ஆட்டிவைக்கலாம். மறுநாள் சுவரில் தொங்கியது அதுதான். நீங்கள் தொலைபேசியில் சரியென்றுவிட்டீர்களாம். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது, அண்ணா. இந்த அலுவலகத்தைத் தொடங்கியபோது நாற்காலி வாங்குவதற்குக்கூட என்னைக் கேட்டவர் நீங்கள்.

பெட்டியை மாட்டியதும் மாப்பிள்ளை எல்லோருடைய கைப்பேசியையும் கணினியையும் வாங்கி அலுவலகப் பக்கத்தில் சேர்த்தார். என்னிடமும் வந்தார். "சின்ன மாமா, ஒரு நிமிஷம் குடுங்க, சேத்துட்டுத் தந்துடறேன்" என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் எதையெதைத் துழாவுவாரோ. நானும் பொறியியல் படித்தவன்தான். சேர்க்காத கருவிகளெல்லாம் தானாக விருந்தினர் பக்கம் போய்விடும் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொன்னார் என்கிறார்கள். நான் அப்போது எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது நான் வரைந்த படிக்கட்டை நானே பிரிண்ட் எடுக்க முடிவதில்லை. வரைபடம் போடும் பெண், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பாஸ்வேர்டு சீட்டையே எனக்கும் நீட்டுகிறாள். ஒரு மணி நேரமானால் அது செல்லாது. மறுபடி அவளிடம் போய் நிற்க வேண்டும். அவள் மேசை வாசலை ஒட்டி இருக்கிறது. நடந்து நடந்து சலித்துப்போய், மடிக்கணினியோடு முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்து, "நீங்களும் வீடு கட்டறீங்களா சார்? இவங்க சொன்ன தேதிக்குத் தருவாங்களா?" என்றார். தருவார்கள் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

நேற்று மாப்பிள்ளை கைப்பேசியை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரை திறந்தே கிடந்தது, வேண்டுமென்றேதான் வைத்தாரோ. அலுவலகப் பக்கத்தில் யார் யார் என்று வரிசையாக இருந்தது. முதலில் "பெரிய மாமா". நீங்கள் இங்கே காலடி வைத்தே வருடக்கணக்காகிறது, ஆனாலும் உங்களுக்கு இடமிருக்கிறது. அதற்கு அடுத்ததாக "சின்ன மாமா". எதிரே, கருவி எதுவும் இல்லை என்று இருந்தது. என்னுடைய எதையும் தொடாமலே எனக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார். எதற்கு? உங்களிடம் காட்டத்தான். "நான் இடம் வச்சுத்தான் இருந்தேன், அவர்தான் வரல" என்று நாளைக்குச் சொல்ல வேண்டுமே.

உங்கள் மகளும் பேசினாள். "சித்தப்பா, நீங்க முன்னாடி போய் உக்காந்ததுலேர்ந்து அவருக்கு வேலையே ஓடல" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பேச்சில் அப்படியே உங்கள் சாயல் வந்துவிட்டது அவளுக்கு.

அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அண்ணா. சொல்வதை என்னிடம் சொல்லுங்கள். "குடுடா" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு என் மேசைக்குப் போய்விடுவேன். ஆனால் நீங்கள் தொலைபேசியில் கூப்பிடுவது அவரைத்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படி இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

கீழே என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். தம்பி என்றா, பங்குதாரர் என்றா, முன்னறையில் உட்கார்ந்திருப்பவன் என்றா? ஒன்றும் போடாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன். இதை எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரியாமல் போனால், தயவுசெய்து மாப்பிள்ளையைக் கேட்காதீர்கள்.