ஸ்டெல்லாவின் சைகையைத் தப்பென்றவர்

வியாழன், இரவு

காலையில் எழுந்ததும் கறுப்புச் சுடிதாரை இஸ்திரி போட்டேன். சைகையில் மொழிபெயர்க்கும்போது அதன் முன்னால்தான் கைகள் பளிச்சென்று தெரியும்.

சைகை மொழி இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதுதான் என்னை மொழிபெயர்க்க அழைத்திருந்த பேராசிரியரின் ஆய்வு. காது கேளாத என் தங்கை ஸ்டெல்லா, எங்கள் பகுதியான ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் தோழிகளோடு பேசும் சைகையிலேயே கேமரா முன் பேசினாள். அவர் அகராதி வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்து என்னிடம் உதட்டைப் பிதுக்கினார்.

"இவங்க தப்புத் தப்பா பண்றாங்க மேடம். டெலீட் பண்ணிடுங்க."

சைகையில் டீ வேண்டுமா என்று கேட்கக்கூடத் தெரியாத மேதை!

என்ன சொன்னார் என்று ஸ்டெல்லா கேட்டாள். நன்றாக இருக்கிறதாம் என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நாளையும் பதிவு இருக்கிறது. அவர் சொன்னதை அவர் எதிரிலேயே அவளுக்கு அப்படியே சொல்லிவிடுவேன். பதிலுக்கு அவள் திட்டினால், ஒரு வசவும் விடாமல் உரக்க மொழிபெயர்ப்பேன்.