சுமதியின் முதல் செய்தி

அக்கா,

பொன்னேரி கடைத்தெருவில் பேனா ரீஃபில் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் மேல் அடுக்கிலிருந்து எதையோ இழுக்க, பழைய கார்பன் தாள் கட்டு ஒன்று என் முன்னால் விழுந்தது. "இதெல்லாம் இப்போ யாரும்மா கேக்கறாங்க?" என்று தூசி தட்டினார். அந்த மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாங்க வந்ததை வாங்காமலே பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் புத்தி எப்போதும் இப்படித்தான், பஸ் போனபிறகு கை காட்டும்.

அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு நான் ஒரு செய்தித் தாள் எழுதி அனுப்புவேன், ஞாபகம் இருக்கிறதா? கார்பன் வைத்து நான்கு நான்கு பிரதியாக, விரல் நீலமாகும்வரை எழுதுவேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. என் ஊர் அனுப்பம்பட்டிலிருந்து உங்கள் ஏரிக்கரைக்கு வேலைக்கு வந்த புதிது, ஊரையே ஒரு கை பார்த்துவிடும் வேகம். 'இந்த வாரம் ட எழுதக் கற்றோம். டச்சுக்காரர் கல்லறைக்கு நடந்து போனோம். வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படவில்லை. டீச்சர்தான் கொஞ்சம் பயந்தார்.' இப்படிப் போகும். கடைசியில் 'வீட்டுச் செய்தி' என்று ஒரு பகுதி. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் தங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்வார்கள். சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

உங்கள் சுமதி மட்டும் ஜூனிலிருந்து வாயே திறக்கவில்லை. நீங்கள் மீன் கூடையோடு வகுப்பு வாசலில் நின்று, "வூட்ல வாய் ஓயாது டீச்சர். இங்க வந்தா இன்னா ஆவுதுனே தெர்ல" என்று கவலைப்படுவீர்கள். மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், மடியில் உட்காரவைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை, கூப்பிடாமலே எழுந்து நின்றாள். "எங்க நைனா நேத்து காலையில முகத்துவாரத்தாண்ட வல போட்ச்சி. எறா ரொம்ப மாட்டிச்சி. அம்மா சிரிச்சிது." வகுப்பே கை தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரத் தாளில் அதை முதல் செய்தியாக, சுற்றிலும் பூப் போட்டு, அவள் பெயரோடு எழுதினேன்.

உங்களுக்கு எழுத்து தெரியாது. மகள் பெயர் அதில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. தாளை மடிக்கக்கூட மனமில்லாமல் மீன் ஏலம் போடும் இடத்துக்கு எடுத்துப்போய், கணக்கு எழுதுகிறவரிடம் கொடுத்து, "எம் பொண்ணு பேரு வந்துகீது. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிண்ணே" என்றீர்களாம். அவரும் படித்தார்.

ஏரியில் பாடு என்று ஒன்று இருப்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். இறால் நன்றாகப் படும் இடங்களில் வலை போடச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள், எந்த நாள் எந்த வீட்டுக்கு என்பது ஊருக்கே மனப்பாடம். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு முறை இல்லை. உங்கள் முறை வந்த நாட்களெல்லாம் காற்றிலும் மழையிலும் போயிருந்தன. முறைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்த காலையில் சுமதியின் நைனா அவர் இடத்தில் இறங்கிவிட்டார். நெல் வயல் நடுவே வளர்ந்த எனக்குத் தண்ணீருக்கும் முறைநாள் உண்டு என்று எப்படித் தெரியும்? இதுவரை நடந்தது தெரியாமல் செய்தது. அதற்காக நான் கூனிக் குறுகவில்லை. குறுகுவது இதற்குப் பிறகு செய்ததற்கு.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூட மணி அடிக்குமுன் ஓடி வந்தீர்கள். "ஊர்ல கூப்ட்டுகீறாங்க டீச்சர். நாள மாத்தி எய்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இல்லனா வருசம் முச்சூடும் பாடு கெடையாதுனு நிறுத்திடுவாங்க." நான், "என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களாக்கா?" என்று கேட்டேன்.

பகலில் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வேப்பமரத்தடியில் நின்றீர்கள். வந்தவர்களில் மூத்தவர் நல்ல மனிதர். "கொயந்த எதயோ சொல்லியிருக்கும், நீங்க எதயோ எய்தியிருப்பீங்க. அப்டித்தான டீச்சர்?" என்றார். தலையை ஆட்டினால் போதும், விட்டுவிடலாம் என்றுதான் அவரே வழி காட்டினார். என் காதில் விழுந்ததோ, என் தாளைப் பொய் என்கிறார்கள் என்பது மட்டும். "நான் இட்டுக்கட்டி எழுதற ஆள் இல்லைங்க. வேணும்னா பிள்ளையையே கேளுங்க" என்று வகுப்புக்குள் போய், சுமதியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

"அன்னிக்குச் சொன்னியே, அதை இவங்ககிட்டயும் சொல்லு. நல்லா சத்தமா."

அவள் உங்களைப் பார்த்தாள். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். முதல் தடவை போலவே இப்போதும் கை தட்டுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு சொல் விடாமல் சொன்னாள். 'அம்மா சிரிச்சிது' வரைக்கும் சொன்னாள். பிறகு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

அந்த வருடம் உங்களுக்குப் பாடு இல்லை. நீங்கள் இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனீர்கள். ஐஸில் ஊறி வெளுத்த விரல்களோடு சாயங்காலம் பிள்ளையை அழைக்க வருவீர்கள். நான் கரும்பலகையை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன். சுமதி என் வகுப்பில் அதற்குப் பிறகு பேசவே இல்லை. இரண்டாம் வகுப்பில் மெல்லப் பேச ஆரம்பித்தாளாம். ஒன்றாம் வகுப்பு முடிந்தபோது அவளுடைய மதிப்பெண் அட்டையில் 'பேச்சு: முயற்சி தேவை' என்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன் அக்கா.

நீங்கள் சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரே ஒரு முறை, பேருந்துக்காக இருவரும் நின்றபோது சொன்னீர்கள். "நீங்க எய்தனது தப்பில்ல டீச்சர். தெரியாம எய்தனீங்க. கொயந்தைய இட்டாந்து நிக்க வெச்சீங்களே." அதற்குள் என் பேருந்து வந்தது. ஏறிவிட்டேன். சித்திரையில் உங்கள் சாவு வீட்டிலும் கூட்டத்தோடு நின்று மாலை போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இந்த ஜூனில் சுமதி தன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். இப்போது கார்பன் கிடையாது, வாரச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போகிறது. படிவத்தில் அவளுடைய எண்ணை எழுதிக்கொண்டு, எதையாவது பேச வேண்டுமே என்று, "பாப்பா நல்லா பேசுமா?" என்று கேட்டேன். குழந்தை உற்சாகமாக ஏதோ சொல்ல வாயெடுத்தது. சுமதியின் கை அந்த வாயைப் பொத்தியது.

"நல்லா பேசுவா டீச்சர். நியூஸ்ல மட்டும் போட்டுடாதீங்க."

'சரிம்மா' என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது, இரண்டு பேரிடம் சொல்ல வேண்டியது. ஒருவர் நீங்கள், போய்விட்டீர்கள். இன்னொருத்தி எதிரில் நின்றாள். அவளிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.