எண்ணெய் படாத முடி

நீ கட்டிய முடி அறுந்துவிட்டது. உன் வீட்டுத் தாழ்வாரத்தில், வெப்பமானிக்குப் பக்கத்தில் நீ மாட்டி வைத்த ஈரமானியின் ஊசி நேற்றுக் காலை அடியில் விழுந்து கிடந்தது. வெளியே ஐப்பசி மழை. நாம் பாதிக்குப் பாதி கூட்டாக நடத்திய கிடங்கு நிறையப் புளி. மலையூர்க்காரர்கள் நம்மை நம்பிக் கொட்டியது. எந்த நாள் கதவைத் திறந்து காற்று விடுவது, எந்த நாள் சாத்தி வைப்பது என்று சொல்ல நீயும் இல்லை, ஊசியும் இல்லை.

வேலூரில் பழைய சாமான் கடையில் அந்தக் கருவியை வாங்கியபோது உள்ளே முடி இல்லை. ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும், அந்த இழுப்பில்தான் ஊசி நகரும், ஒரு பெண்ணின் தலைமுடி போதும் என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர். உன் மனைவியிடம் கேட்டோம். அவள் உள்ளே போய், தலை நிறைய விளக்கெண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்துதான் ஒரு முடியைப் பிடுங்கித் தந்தாள்.

"காஞ்ச முடிய எடுத்துக் குடுக்க இது இன்னா சாவு வூடா?"

சரிதானே என்று நாமும் அப்படியே கட்டினோம். அந்த வருஷம் மழை விட்ட நாட்களில் வானம் வெளுத்திருந்தது. ஊசியும் காய்ந்த பக்கமே நின்றது. நம்பிக் கதவைத் திறந்து போட்டோம். காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்துப் புளி வியர்த்துக் கறுத்து, பூசணம் பிடித்தது. மண்டியில் மூட்டையைப் பிரித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கருவியைத் தூக்கி எறியச் சொன்னேன். நீ மறுபடி வேலூருக்குப் போய்க் கடைக்காரரிடம் விசாரித்து வந்தாய். பெரிய டின் ஒன்றில் ஈர உப்பை வைத்து, கருவியையும் உள்ளே இறக்கி, காற்றுப் போகாமல் மூடினாய். ஈர உப்போடு மூடிய காற்றில் ஈரம் எப்போதும் நூற்றுக்கு எழுபத்தைந்துதானாம்; மறுநாள் ஊசி அதில் நிற்க வேண்டும். நாற்பதைக்கூடத் தொடவில்லை.

"இன்னா மொதலாளி, என் பொண்டாட்டி தல எண்ணெயில பணியாரமே சுடலாம். ஊசி எங்க நவுரும்?" என்று நீ கேலியாய்ச் சிரித்தாய்.

அந்த ஒற்றை முடிக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு கிணற்றடியில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என் தலைய ஒரு நாளாவது இப்டி தேச்சி வுட்டிருக்கியா?"

மறுபடி கட்டி, மறுபடி உப்பு வைத்து, திருகைத் திருப்பித் திருப்பி ஊசியைச் சரியான இடத்தில் நிறுத்தினாய். அதற்குப் பிறகு நம் புளியை யாரும் திருப்பி அனுப்பவில்லை. "ஊசிய நம்பறதுக்கு முன்ன ஊசிய ஒரு கேள்வி கேளு" என்பாய். ஆட்களை எடைபோடும்போதும் நான் அதைத்தான் செய்கிறேன்.

இந்த மழையில் உனக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. கட்டிலோடு தூக்கி, பஸ் வரும் மலையடிவாரத்து அமிர்திக்கு இறக்கினோம். பஸ் வரும்வரை நீ இருக்கவில்லை. கட்டில் அதே பாதையில் திரும்பி ஏறியது. இறங்கும்போது இருந்த கனம்தான். தோள் மாற்றிக்கொள்ள மட்டும் யாருக்கும் அவசரம் இல்லை.

கருவியைக் கேட்டு எடுத்துப்போகத்தான் நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் என்ன ஒளிவு? கிடங்கை இனி தனியாகப் பார்த்துக்கொள்வதாக இருந்தேன். உன் காரியம் இன்னும் ஆகவில்லை. அவள் தலைவிரித்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். அறுந்த முடியைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு நெற்றியோரம் ஒரு முடியைச் சுற்றிப் பிடித்தாள்.

"கழுவ வேணாம்ணா. இதுல துளி எண்ணெ இல்ல."

நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"கருவி இங்கயே இருக்கட்டும். அவரு பார்த்தத நான் பார்க்கறேன். அவரு பங்க எனக்குக் குடுங்க."

கால் பங்கு என்றேன். வியாபாரி வாய் அப்படித்தான் திறக்கும்.

"கால் பங்குக்கு முடி வேணும்னா சந்தையில போய்ப் பாருங்க."

முடியை அவளே கட்டினாள். உப்பு டின்னில் வைத்து மூடினோம். இன்று காலை திறந்து, எழுபத்தைந்துக்கு நேராக அவளே திருகினாள். பேசி முடித்தது இதுதான்: கருவி அவள் வீட்டில் இருக்கும், மழைக்கு முன் உப்பு வைத்துச் சோதிப்பது அவள் பொறுப்பு, கிடங்குக் கதவு அவள் சொன்னால்தான் திறக்கும், அவள் சொன்னால்தான் மூடும், லாபத்தில் சரிபாதி, நஷ்டத்திலும் சரிபாதி.