நான் வெயிலில் பார்க்காத ஆயில்

தம்பி,

உன் பிக்கப் வண்டி இன்று காலை என் பட்டறைக்கு வந்து நிற்கிறது. டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்ததும் பனியன் துணியும் கியர் ஆயிலும் கலந்த வாசம் வந்தது. அவ்வளவுதான், கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலம்பாளையத்தில் இத்தனை வருடமாகப் பட்டறை வைத்திருப்பவன், ஆட்கள் பார்க்க அழுதுகொண்டிருக்கிறேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து சாய ஆலை லேப்பில் ஷேடு பார்த்தவன் நீ. வெளிநாட்டு பையர் அனுப்பிய துணித்துண்டும் இங்கே சாயம் ஏறிய துணியும் ஒரே நிறம்தானா என்று சொல்கிற வேலை. அந்த வேலைக்காரனுக்கு வந்த ஆசையைப் பார்: மணலிலும் மலைச்சரிவிலும் ஏறுகிற, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி, அதுவும் ஆட்டோமேட்டிக் கியர். "கிளட்ச் இல்லாத வண்டி நமக்கு ஆகாதப்பா. சீக்கு வந்தா எங்க வலிக்குதுன்னே சொல்லாது" என்றேன். "நான் கேட்டுச் சொல்றேன் அண்ணாச்சி" என்றாய்.

கேட்கத்தான் செய்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கொமரலிங்கம் போய் அமராவதி ஆற்று மணலில் ஓட்டுவோம். வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜின் ஓடும்போதே கியர் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவுவாய். வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்து வெயிலில் விரித்துப் பிடிப்பாய். நல்ல சிவப்பா, பழசாகிப் பழுப்பா, எரிந்து கறுப்பா என்று பார்ப்பாய். எரிந்த வாடை வருகிறதா என்று முகர்ந்து, பொடி தட்டுகிறதா என்று விரலில் தேய்ப்பாய். "இதுக்கும் பையர்கிட்ட அப்ரூவல் வாங்கோணுமாப்பா?" என்று கிண்டல் செய்வேன். "டியூப் லைட்டுல பாத்து ஷேடு சொன்னா கம்பெனி மூழ்கிரும் அண்ணாச்சி" என்பாய்.

பிறகு வண்டிக்குக் கோளாறு வந்தது. மேட்டில் மிதித்தால் இன்ஜின் கத்தும், சக்கரம் இழுக்காது. சூடேறிவிட்டால் இரண்டிலிருந்து மூன்றாம் கியர் விழும்போது ஒரு குலுக்கல். அன்று பட்டறையில் என் ஆட்கள் நாலு பேர், வண்டி விட வந்தவர்கள் இரண்டு பேர். ஷெட்டுக்குள் நின்றபடியே நீ துடைத்துக் காட்டிய துணியைப் பார்த்தேன். கறுப்பாகத் தெரிந்தது. "உள்ள பிளேட்டெல்லாம் எரிஞ்சு போச்சு, கியர் பாக்ஸ எறக்கோணும்" என்றேன்.

"கறுப்பு இல்ல அண்ணாச்சி, பழுப்பு. எரிஞ்ச வாடையும் இல்ல. ஃபில்டர் அடச்சிருக்கும்னு தோணுது. ஒருக்கா வெளிய வந்து பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆட்டோமேட்டிக் கியரைப் பற்றி எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அது உனக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு கோபம். "சாயம் போடறவன் சாயத்தோட நின்னுக்கோணும். நாளைக்கு எனக்கு ஸ்பானர் புடிக்கச் சொல்லிக் குடுப்பயாட்ட இருக்குது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க" என்றாய். பழகிய நாள் முழுக்க, "அண்ணாச்சி" என்று சேர்க்காமல் நீ என்னிடம் சொன்ன ஒரே சொல் அதுதான்.

ஐந்து மாதம் நானும் கூப்பிடவில்லை. அவனே வரட்டும் என்ற வறட்டுக் கௌரவம். சாய ஆலையில், லேப் மேசையிலேயே சாய்ந்துவிட்டாய் என்று செய்தி வந்தது. மாரடைப்பாம். கல்லறையில் ஒரு கைப்பிடி மண் போட்டேன். உன் மனைவி முகத்தைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டேன்.

இன்று வண்டியோடு அவளும் வந்தாள். ஓட்டாமல் கிடந்ததில் பேட்டரி இறங்கிவிட்டது, அதை மட்டும் பார்த்தால் போதும் என்றாள். கியர் பாக்ஸைப் பற்றிக் கேட்டேன். "அது சரியாத்தான் இருக்கு அண்ணே. வேற பட்டறையில விட்டா அண்ணாச்சி மனசு கஷ்டப்படும்னு சொல்லி, அவுகளே ரெண்டு ஞாயித்துக்கெழமை கீழ படுத்துக் கழட்டி மாட்டுனாக" என்றாள்.

டேஷ்போர்டுப் பெட்டியில் ஓர் அட்டை. லேப்பில் ஒட்டுவதுபோல் துணித்துண்டுகளை வரிசையாகப் பின் அடித்து, ஒவ்வொன்றின் கீழும் வண்டி ஓடிய கிலோமீட்டரை எழுதியிருக்கிறாய். கடைசிக்கு முந்தையது, நீ மடித்த மடிப்புத் தடத்தோடு, அன்று நான் பார்த்த துணி. வெயிலுக்கு எடுத்துப் போனேன். பழுப்பு, தம்பி. குழந்தைகூடச் சொல்லும், பழுப்பு.

கடைசித் துண்டு நல்ல சிவப்பு. அதன் கீழே உன் கையெழுத்து: "ஃபில்டர் மட்டும்தான். மேடு ஏறுது. அண்ணாச்சிகிட்ட சொல்லணும். பட்டறையில ஆள் இல்லாத நேரமா பாத்து."

அத்தனை பேர் முன்னால் உன்னைப் பேசியவனுக்கு, ஒருவருக்கும் தெரியாமல் சொல்ல நேரம் பார்த்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கே தனியாகத்தானடா உட்கார்ந்திருந்தேன். நீ அப்போது வண்டிக்கு அடியில் படுத்திருந்திருக்கிறாய்.

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னேன். அன்று சிரித்த என் ஆட்கள் நாலு பேரையும் வெளியே கூப்பிட்டு அட்டையைக் காட்டினேன். "நாஞ் சொன்னது தப்பு. அவன் சொன்னதுதான் சரி" என்றேன். உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளிடம் கேட்டு அந்தப் பழுப்புத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். உன்னைப் போலவே மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அன்று நான் நின்ற இடத்திலிருந்து வெயில் விழுகிற இடத்துக்கு இப்போது நடந்து பார்த்தேன். பத்தடிகூட இல்லை. ஒருக்கா வெளிய வந்து பாருங்கன்னுதானே கேட்டாய். வந்திருக்கலாம் தம்பி.