சாளணிக்குத் தமிழில் என்ன?

ஜூலை 18, வெள்ளி

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். பயந்தால் பயந்தேன் என்று. பொய் சொன்னால் பொய் சொன்னேன் என்று. பூகோள நோட்டின் பின்பக்கம். தமிழில் எழுதினால் என் வகுப்புத் தோழி ஸ்வாதிக்குப் படிக்க வராது. அம்மாவுக்கு வரும், ஆனால் என் பள்ளி நோட்டுகளை அவள் பிரித்ததே இல்லை.

காலையிலிருந்து மழை. சீருடைப் பாவாடை இன்னும் ஈரம்.

காரணம் அந்தப் புத்தகம். பள்ளி நூலகத்திலிருந்து ஸ்வாதி தன் கார்டில் எடுத்தாள், எனக்கும் சேர்த்து. அடுத்த வெள்ளி திருப்ப வேண்டும். இந்த வாரம் என் முறை. ஆங்கிலக் கதை. அட்டையில் ஒரு சாவித்துவாரம், அதற்குள் ஒரு கண்.

கதை: ஒரு மலைக்கு அடியில் நூலகம். புத்தகங்கள் மூச்சு விடும். மெரின் என்ற பெண் அங்கே வேலை பழக வருகிறாள், என் வயதுதான். நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் சாம்பல் நிறக் கோட்டுக்காரர். உண்மையில் மந்திரவாதி. கறுப்பு அலமாரிப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்தவர்களிடமிருந்து நாளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்வார். கடைசியில் அவர்கள் வெற்று ஆட்கள். கண் திறந்திருக்கும், பேச ஒன்றும் இருக்காது. அவர் வருவது விளக்கு அணைந்த பிறகு மட்டும்.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி இடவலம் மாறி அச்சாகி இருக்கிறது. கண்ணாடியில் காட்டினால்தான் படிக்கலாம். ஸ்வாதி அவள் அம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்து வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். நான்தான் படித்தேன். ஸ்வாதி கண்ணாடியைப் பிடித்தாள். மேல்படியில் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி மொணமொணன்னு?"

"இங்கிலீஷ் பாடம் மா."

பொய்.

இரவு அடுத்த பக்கம் படித்தேன். அந்த வரியைக் கதைக்கு வெளியே யாரும் சொல்லக் கூடாது என்று மெரினிடம் ஒரு புத்தகம் சொல்கிறது. சொன்னவர் மட்டுமில்லை, கேட்டவரும் இழப்பார்.

இதை முந்தின பக்கத்திலேயே போட்டிருக்கலாம்.

ஜூலை 19, சனி

அரை நாள் பள்ளி. தூறல். பாக்டரி போங்கா (சங்கு) ஊதியதும் அப்பா வந்தார், குடை உடைந்து.

நாளைக்குக் கோயிலில் ஆடிக் கூழ். அம்மா கேழ்வரகு மாவோடு உட்கார்ந்திருந்தாள். "அந்த சாளணிய எடு, சலிக்கணும்." எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் உறைத்தது. சாளணி மராட்டி. ஸ்வாதி வீட்டில் அதுதான் சொல்வார்கள். தமிழில் என்ன?

யோசித்தேன். இல்லை. சொல் இருந்த இடம் தெரிகிறது, சொல் இல்லை. சலிப்பான்? சலிப்பை? இரண்டும் இல்லை.

"மா, சாளணிக்குத் தமிழ்ல இன்னா?"

"சாளணிதான்."

"அது மராட்டி மா."

அம்மாவின் கை நின்றது. "அட. ஊர்ல வேற இன்னாமோ சொல்வோமே... இரு. வாயிலதான் கீது." மாவை ஒரு தட்டுத் தட்டினாள். "வரலடி."

குடியாத்தத்தில் பிறந்து இருபது வயது வரை தமிழ் மட்டும் பேசியவள். அவளுக்கும் வரவில்லை.

சொன்னவருக்கும் போகும். கேட்டவருக்கும் போகும்.

விளக்கை அணைக்காமல் தூங்கப் பார்த்தேன். அப்பா எழுந்து வந்து திட்டிவிட்டு அணைத்தார். போர்வைக்குள் சொற்களை எண்ணிப் பார்த்தேன். முறம், உரல், அம்மி, துடைப்பம். துடைப்பத்துக்கு முதலில் ஜாடு என்றுதான் வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலில் கூட்டம். கூழ், முருங்கைக்கீரை, வெங்காயம். அம்மன் முன்னால் சாளணிக்குத் தமிழ் கேட்டேன். வேறெதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. கிடைக்கவில்லை.

பக்கத்தில் நின்ற அத்தையிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். பயம். அவளுக்கும் தெரியாவிட்டால்?

ஆறாம் அத்தியாயம் முடித்தேன். மெரினின் தோழி வெற்று ஆள் ஆகிவிட்டாள். படிக்காமல் இருக்கலாமே என்று தோன்றுகிறது. படிக்காமல் இருந்தால் தப்பிக்கும் வழி எப்படித் தெரியும்?

ஜூலை 21, திங்கள்

இன்று நடந்தது.

மராட்டி வகுப்பு. கவிதை ஒப்புவித்தல். என் முறை. இரண்டு வாரமாகத் தெரிந்த கவிதை, குளிக்கும்போதுகூடச் சொல்வேன். எழுந்து நின்றேன். முதல் வரி இல்லை. இரண்டாம் வரியும் இல்லை. டீச்சரின் வாய் அசைவது தெரிந்தது, எடுத்துக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். ஜன்னலில் மழை. காதில் என்னுடைய மூச்சு மட்டும்.

"ஷூன்ய," என்று எழுதினார். பத்துக்குப் பூஜ்யம். அப்பாவின் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

வழியில் ஸ்வாதி: "பைத்தியமா நீ? நேற்று என்னிடம் முழுசாகச் சொன்னாயே." (அவள் பேசுவது மராட்டி. நான் தமிழாக்கி எழுதுகிறேன்.)

"புத்தகம் எடுத்துக்கொண்டது."

"நானும்தானே கேட்டேன்? எனக்கு எதுவும் போகவில்லை."

"உனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

"என் தலையில் எடுக்க என்ன இருக்கிறது? அந்தக் கோட்டுக்காரர் வந்து தேடிவிட்டு, பாவம் பெண் என்று இரண்டு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார்."

சிரித்தாள். ஆனால் புத்தகத்தை இன்று தன் பையில் வைக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள்.

வீட்டில் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும்.

காலையில் அம்மா குழாயடியிலிருந்து குடத்தைப் பாதி நிரப்பியே வந்துவிட்டாள். முகம் சரியில்லை. என் தலைமேல் கை வைத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். "ராத்திரி ஏன் வெளக்கு வெளக்குன்ற?" செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளி விட்டு வந்து, குழாயடிக்குப் போய்த் திரும்பினால் என் பை கவிழ்ந்து கிடக்கிறது. புத்தகம் பரணில், அதன்மேல் வேப்பிலைக் கொத்து. உப்பும் மிளகாயும் கையில் வைத்து என்னை மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. "பாத்தியா," என்றாள் தனக்குத்தானே. மிளகாய் மழையில் நமுத்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன்.

அப்பா வந்ததும் சமையலறைக்குள் குசுகுசுப்பு. கதவோரம் நின்று கேட்டேன். (ஒட்டுக் கேட்டேன். எழுதிவிட்டேன்.)

"சூனியம்ங்க. நம்ம புவனாவுக்கு."

"யாருடி சொன்னது?"

"சொல்ல வேண்டியவங்களே சொன்னாங்க. கொழந்தய பாருங்க, பேயடிச்ச மாரி கீறா. அந்தப் புஸ்தகத்துல கண்ணு வரைஞ்சிருக்குது."

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கதையை நான் சொன்னதே இல்லை. மந்திரவாதி பற்றி எதுவும் தெரியாமலே அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

அப்படியானால் நிஜம்.

ஜூலை 23, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

நேற்று இரவு அம்மாவே விளக்கை அணைக்க விடவில்லை. அப்பா கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

இன்று மாலை இரண்டு பேரும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் குடியாத்தம் மாமாவிடம் பேசினார்கள். திரும்பி வந்து அப்பா என்னிடம்:

"கொஞ்ச நாள் மாமா வீட்ல இரு. அங்க ஒருத்தர் கீறாராம், எடுத்துடுவாராம்."

"ஸ்கூல்?"

"அங்கயே சேத்துக்கலாம். டி.சி. வாங்க லெட்டர் எழுதணும். வர்ற வாரம் மாமா கூப்ட்டுக்கினு போக வருவாரு."

அங்கே எட்டாம் வகுப்பு தமிழில். அறிவியல், கணக்கு எல்லாம். சாளணிக்கே எனக்குத் தமிழ் தெரியவில்லை. ஸ்வாதி இல்லை. நூலகம் இல்லை. திரும்பி எப்போது என்று அப்பா சொல்லவில்லை. கேட்டேன். சட்டைப் பித்தானையே பார்த்தார்.

பிறகு ஸ்வாதி வந்தாள். அம்மா கதவைப் பாதி திறந்து, "புவனா நஹி ஹை," வீட்டில் இல்லை என்றாள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். ஸ்வாதி என் செருப்பைப் பார்த்திருப்பாள்.

அம்மா அப்பாவிடம்: "புஸ்தகத்த வெள்ளிக்கெழம முலா ஆத்துல உட்டுடுங்க."

ஸ்வாதியின் கார்டில் எடுத்தது. அவளுக்கு இனி புத்தகமே தரமாட்டார்கள்.

இன்று போன சொல்: கண்ணுக்கு மேலே மூடுமே, அது. நெடுநேரம் கழித்து வந்தது. இமை. இமை. இமை. திரும்பி வந்ததா, இல்லை மறந்துதான் இருந்தேனா?

ஜூலை 24, வியாழன்

ஸ்வாதி காலையில் எனக்காக நிற்காமல் போய்விட்டாள். சாப்பாட்டு மணிக்கு டப்பாவைத் திறந்தபடியே ஆரம்பித்தாள்.

"உன் அம்மா என் அம்மாவைப் பார்த்தால் கதவை மூடுகிறாள். என் அம்மா என்ன பூதமா? உன்மேல் அக்கறையாகத்தானே சொன்னாள்?"

"என்ன சொன்னாள்?"

"குழாயடியில். உன் பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டது, கொஞ்சம் கவனி என்று."

"எப்படிச் சொன்னாள்? அப்படியே சொல்."

ஸ்வாதி அவள் அம்மாவைப் போலவே இடுப்பில் கை வைத்தாள். "அக புவனாச்சி ஆயி, போரிலா ஷூன்ய மிளால!"

உன் பெண்ணுக்குப் பூஜ்யம் கிடைத்தது. அவ்வளவுதான். ஸ்வாதியின் அம்மா ஷிந்தே காகு சொன்னது அவ்வளவுதான். அம்மா காதில் விழுந்தது சூனியம்.

சிரித்தேன். டப்பாச் சோறு மூக்கில் ஏறும்வரை. ஸ்வாதிக்குச் சூனியம் என்றால் என்னவென்று விளக்கினேன், அவள் பெஞ்சில் தலையை வைத்துக் குலுங்கினாள். "என் அம்மா மந்திரக்காரியா! அவளுக்குப் பூரியே உப்பாது!"

வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு போய்விட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றால் பூஜ்யத்தைச் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்காததையும். சொல்லாவிட்டால் குடியாத்தம். இன்னொன்றும். அம்மா சொன்ன சூனியம் பொய் என்று ஆகிவிட்டது. சரி. ஆனால் என் கவிதை எங்கே போயிற்று? சாளணியின் தமிழ் எங்கே?

மாலை. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"மா, காகு சொன்னது சூனியம் இல்ல. ஷூன்ய. பூஜ்யம். எனக்கு மராட்டில பூஜ்யம்."

அம்மா ரவிக்கையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"பூஜ்யமா?"

"ஆமா."

"பூஜ்யத்துக்காடி அவ்ளோ மொளகா போட்டேன்?"

முதுகில் ஒரு அடி. வலிக்கவில்லை. பிறகு அவளே: "ஏக், தோன், தீன்னு நூறு வரிக்கும் தெரியும். மார்க்கெட்ல எவன் பூஜ்யம் கிலோ விக்கிறான், நான் கத்துக்க?" முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா என்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர்.

அப்பா வந்து கேட்டுவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டார். எழுதி வைத்த டி.சி. கடிதத்தைக் கிழிக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்தார். "அது இருக்கட்டும். நல்லா படிக்கிற பொண்ணு, வாயில ஏன் வரல? ராத்திரி ஏன் பயப்படற?"

நோட்டை வாங்கிப் பையில் வைத்தேன்.

அம்மா பரணைப் பார்த்தாள். "நாளிக்கி அந்தப் புஸ்தகத்த எனுக்குப் படி. தமிழ்ல. மொத வரிலேருந்து. கெட்டதுன்னா எனுக்குத் தெரியும். அப்புறம் ஊருக்குப் போறதா வேணாமான்னு பாக்கலாம்."

விளக்கு இன்றும் எரிகிறது.

ஜூலை 25, வெள்ளி

இரண்டாம் ஆடி வெள்ளி. பெருமழை. ஸ்வாதி நூலகத்தில் கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கிவிட்டாள். புத்தகத்தைக் கொண்டு வராமலே, அதை வைத்திருக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று. எந்தப் பெண்ணுக்கு என்று யாரும் கேட்கவில்லையாம்.

பள்ளி விட்டதும் ஆரம்பித்தேன். அம்மா வேப்பிலையை எடுத்துவிட்டு, புத்தகத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். அடைக்கு மாவு சலித்துக்கொண்டே கேட்டாள். நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். எவ்வளவு கஷ்டம். எத்தனையோ சொற்களுக்கு அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது, அவள் சட்டென்று சொன்னாள். தாழ்ப்பாள். நிலைப்படி. ஒட்டடை.

அந்தக் கண்ணாடி வரி வந்தபோது நின்றேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"இத வாய்விட்டுச் சொல்லக் கூடாது மா. அன்னிக்கி மாடிப்படியில சொல்லிட்டேன். நீயும் கேட்டுட்ட. அதான் உனக்கும் சாளணி..."

எல்லாவற்றையும் சொன்னேன். போர்வைக்குள் சொற்களை எண்ணியதுவரை.

அம்மா கையை உதறினாள். மாவு பறந்தது. "அடிப் பைத்தியமே. அது அந்தக் கோட்டுக்காரன் எடுக்கலடி. பத்தொம்பது வருசமா பக்கத்துல பேச ஆள் இல்ல. நானே ஒண்ணொண்ணா உட்டுட்டேன்." சாளணியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன், என்னுடையது மாதிரி இல்லை. "சரி, படி. அப்புறம் அந்த மெரினு இன்னா ஆனா?"

ஷிந்தே காகு கிண்ணத்தில் வெல்லப் போளி கொண்டு வந்தாள், மழையில். ஸ்வாதி சொல்லிவிட்டாள் போல. அம்மாவைப் பார்த்து விரல்களை நெளித்து மந்திரம் போடுவது போலக் காட்டினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அவளை உள்ளே இழுத்தாள். ஒரு அத்தியாயம் மூன்று பேருமாக. எனக்கு இரண்டு மொழியில் சொல்ல வேண்டியிருந்தது, தொண்டை கட்டிவிட்டது. சொல் எதுவும் வராமல் நிற்கவில்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

கடைசி அத்தியாயம் பாக்கி. மெரின் கறுப்பு அலமாரி முன்னால் தனியாக நிற்கிறாள், விளக்கு அவள் கையில் அணையப் போகிறது. அம்மா அதற்குமேல் இன்று வேண்டாம் என்றாள். அவளால் தாங்க முடியவில்லையாம்.

அப்பாவுக்கு நாளை காலை ஷிப்ட். படுத்தபடியே, "நாளிக்கி மாமாவுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடறேன்." சட்டைப் பையைப் பார்த்தேன். கடிதம் இல்லை. அடுப்படியில் கிழிந்த காகிதம்.

பயம் போய்விட்டதா? இல்லை. உண்மையை எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் பார்க்காமல்தான் எழுதுகிறேன். சாம்பல் கோட்டு அங்கே தொங்குகிறது. அப்பாவின் மழைக்கோட்டுதான். தெரியும்.

அம்மா பாத்திரம் தேய்க்கிறாள். திடீரென்று தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"புவனா! ஏய்! ஜல்லடை! ஜல்லடைடி!"

"கத்தாதடி, தூங்கணும்," அப்பா.

சல்லடை. சல்லடை. சல்லடை.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து வாசலில் நிற்கிறாள், இன்னும் சொல்லிக்கொண்டு. ஸ்விட்சில் கை வைத்து என்னைப் பார்க்கிறாள். அணைக்கட்டுமா என்று கேட்கிறாள். தலையாட்டினேன்.

அணைத்துவிட்டாள்.