இரண்டு பேரைத்தான் சேர்க்கலாம்

மாதா துணை
தாராவி,
3.6.2022

அன்பு மகள் ஷைனிக்கு,

அம்மாவின் முத்தங்கள். நீ, மாப்பிள்ளை, பாப்பா எல்லாரும் சுகம்தானே? முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு உன் மாமியார் நன்றாக நடக்கிறார்களா? நான் கொடுத்தனுப்பிய கருப்பட்டியை அவர்கள் தொட்டிருக்க மாட்டார்கள், தெரியும்.

போன் போட்டால் "மீட்டிங்மா" என்கிறாய். அதனால் உன் ஹாஸ்டல் காலத்துப் போலக் கடிதத்துக்கே திரும்பிவிட்டேன். அப்பாவுக்கு நடந்தால் நெஞ்சு அடைக்கிறது. சோதித்துப் பார்த்ததில் இதயத்தில் மூன்று அடைப்பு. தள்ளிப்போடவே கூடாது என்று பெரிய டாக்டர் 14ஆம் தேதி பைபாஸுக்கு நாள் குறித்திருக்கிறார். மகளின் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது என்றதும் தனி அறையே தருவதாகச் சொன்னார்கள்.

பதினோரு வருடம் கட்டிய பாலிசியை உன்னை நம்பி நிறுத்திவிட்டோமே என்று நான்தான் முனகினேன். "நம்ம பேரப் போட்டாச்சுன்னு எம்புள்ள சொல்லிட்டா. பொறவு என்னட்டி?" என்று அப்பா அதட்டிவிட்டார். கார்டை மட்டும் சீக்கிரம் அனுப்பு.

உன் அம்மா,
லூர்து மேரி


ஐரோலி, நவி மும்பை,
9.6.2022

அன்புள்ள அம்மா,

தமிழில் எழுதி ரொம்ப நாளாச்சு, பிழை இருந்தால் திட்டாதே. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

கார்டில் உங்கள் பேர் இல்லை அம்மா. எங்கள் கம்பெனியில் ஒரு ஜோடியைத்தான் சேர்க்கலாம். ஒன்று அப்பா அம்மா, இல்லையென்றால் மாமனார் மாமியார். ஃபாரம் நிரப்பும்போது அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருடம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அப்பா கேட்டார், "போட்டாச்சுப்பா" என்று வாயில் வந்துவிட்டது. அப்பா பழைய பாலிசியை நிறுத்தியபோதும் பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம் அத்தைக்கு முட்டி வலி வந்தது, மாற்ற முடியவில்லை.

வருகிற ஏப்ரலில் கட்டாயம் உங்கள் பேரைப் போடுகிறேன். அதுவரை மாத்திரையில் சமாளிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாரேன்.

ஷைனி


தாராவி,
29.6.2022

ஷைனிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். உன் எம்ப்ளாயி நம்பர் அப்பாவுக்கு மனப்பாடம். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உன் மாமனார் மாமியார் பேரைப் படித்தாள். "அது எங்க சம்பந்தி பேரும்மா. எம்மக தப்பு பண்ணமாட்டா, ஒங்க மிஷின்லதான் கோளாறு. நல்லா பாரு" என்று அப்பா மூன்று தடவை சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

தள்ளிப்போடக் கூடாது என்ற அதே டாக்டர், "இப்போதைக்கு மாத்திரையில் பார்க்கலாம்" என்றார். மறுநாள் உன் கடிதத்திலும் அதுவே இருந்தது.

மாமியாருக்குச் செய்ததைக் குறை சொல்லமாட்டேன். எங்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பழைய பாலிசியைக் கட்டிக்கொண்டே இருந்திருப்போம். அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்த நோயோடு இனி புதிதாக எடுக்கவும் வழியில்லையாம்.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறோம். அக்டோபரில் கூப்பிடுவார்களாம். அதுவரை அப்பா படி ஏறக் கூடாது. கீழ்வீட்டு ராபியா தன் முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஏப்ரலில் எங்கள் பேரைப் போட வேண்டாம்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று முனிசிபல் ஆஸ்பத்திரி ஃபாரத்தில் ஓர் இடம் இருந்தது. நான் பழக்கத்தில் உன் பேரை எழுதிவிட்டேன். அப்பா பேனாவை வாங்கி அதை அடித்தார். ராபியா என்று எழுதினார். என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் மகள் என்று எழுதினார்.

லூர்து மேரி